ஷோகுன் யார், நாட்டை ஆண்டவர் யார்? டோக்குகாவா மரபைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

ஜப்பானைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 'ஷோகுன்' என்ற பட்டம் மனம்போன போக்கில் கையாளப்படுகிறது. சிலர் அவரை ஜப்பானின் பேரரசர் என்கிறார்கள். சிலர் சாமுராய் வீரர்களின் தலைவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேரரசரைக் கவிழ்த்துவிட்டு அரியணையில் ஏறிய படைத்தலைவர் என்று நினைப்பவர்களும் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களும் கணினி விளையாட்டுகளும் இந்தக் குழப்பத்தை வளர்த்த அளவுக்குத் தீர்த்து வைக்கவில்லை.

1603 முதல் 1867 வரை ஜப்பானில் டோக்குகாவா என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பதினைந்து பேர், ஒருவர் பின் ஒருவராக ஷோகுன் பதவி வகித்தார்கள். அவர்களுள் தாமே கடிவாளத்தைப் பிடித்து நாட்டை நடத்தியவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை என்பது என் கணிப்பு. மற்றவர்களில் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தார். பேசுவது பிறருக்குப் புரியாதவரும் இருந்தார். அப்படியிருந்தும் அந்த ஆட்சி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது எப்படி என்பதை, ஜப்பானிய வரலாற்றில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்காக இங்கே படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

சாமி, தர்மகர்த்தா, கணக்குப்பிள்ளை

பழைய ஊர்க் கோயில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிலமும் நகையும் சாமியின் பெயரில் இருக்கின்றன. சாமி கணக்குக் கேட்பதில்லை, குத்தகை வசூலிப்பதுமில்லை. ஆனால் சாமியின் பெயரைச் சொல்லாமல் அங்கே ஒரு காரியமும் நடக்காது. சொத்தை நிர்வகிப்பவர் தர்மகர்த்தா. அந்தப் பொறுப்பு ஒரே குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. முதல் மரியாதையும் அவருக்கே. தர்மகர்த்தா திறமைசாலியாக இருந்தால் நிர்வாகம் அவர் கையில் இருக்கும். சிறுவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் ஏடும் சாவியும் கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சேரும். எந்த நிலையிலும் தர்மகர்த்தா சாமியை அகற்ற நினைக்கமாட்டார், ஏனெனில் சாமி இல்லாவிட்டால் அவருடைய பதவிக்கே ஆதாரம் இல்லை.

டோக்குகாவா காலத்து ஜப்பானில் கியோட்டோ நகரத்து அரண்மனையில் இருந்த பேரரசர், சூரியதேவியின் வழித்தோன்றலாகக் கருதப்பட்டவர். அதிகாரம் செலுத்தாதவர், ஆனால் அகற்ற முடியாதவர். இன்று டோக்கியோ என்று அழைக்கப்படும் எடோ நகரத்துக் கோட்டையில் இருந்த ஷோகுன், அந்தப் பேரரசரால் முறைப்படி நியமிக்கப்பட்ட நிர்வாகி. அவருக்குக் கீழே இருந்த மூத்த ஆலோசகர்கள், பல சமயங்களில் அவருக்காகவே நாட்டை நடத்தியவர்கள். ஒப்புமை இங்கே முடிகிறது. தர்மகர்த்தாவிடம் படை கிடையாது; ஷோகுனோ முதலில் வாளால் வென்று, அதன்பிறகே பேரரசரின் நியமனத்தைப் பெற்றார். நியமன ஓலை வெற்றிக்குப் போடப்பட்ட முத்திரையே தவிர, வெற்றிக்குக் காரணம் அன்று.

டோக்குகாவாவுக்கு முந்தைய கதை

இந்தப் பட்டம் தொடக்கத்தில், வடக்கே வாழ்ந்த எமிஷி மக்களை அடக்க அனுப்பப்பட்ட படைத்தலைவர்களுக்குத் தற்காலிகமாக வழங்கப்பட்டது. 1192இல் மினமோட்டோ யோரிட்டோமோ என்ற போர்வீரத் தலைவர் அதைப் பெற்று, காமகுரா நகரில் தமக்கென ஒரு நிர்வாகத்தை நடத்தியபோது, அது நிலையான பதவியாக மாறியது. ஷோகுனின் பெயரில் நடக்கும் இத்தகைய படைத்துறை அரசாங்கத்துக்குப் பாகுஃபு என்று பெயர். காமகுராவுக்குப் பின் அஷிக்காகா குடும்பத்தின் பாகுஃபு 1338இல் தோன்றி 1573 வரை நீடித்தது. மூன்றாவதும் கடைசியுமானது டோக்குகாவா பாகுஃபு.

பதவி ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருப்பது டோக்குகாவா காலத்தில் புதிதாகத் தோன்றிய நோய் அன்று. காமகுராவின் மூன்றாவது ஷோகுன் 1219இல் கொலையுண்டபோது யோரிட்டோமோவின் நேர்வழி அற்றுப்போனது. அவருடைய மனைவியின் பிறந்த வீட்டாரான ஹோஜோ குடும்பத்தினர் கியோட்டோவிலிருந்து சிறுவர்களை வரவழைத்து ஷோகுன்களாக அமர்த்திவிட்டு, தாங்கள் ஆட்சிப் பொறுப்பாளர்களாக இருந்து நாட்டை ஆண்டார்கள். அஷிக்காகா மரபின் ஆறாவது ஷோகுனான யோஷிநோரியோ 1428இல் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1441இல் தம் கீழிருந்த தலைவர் ஒருவரின் வீட்டு விருந்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த டொயோட்டோமி ஹிதெயோஷி, ஷோகுன் பட்டத்தைப் பெறவே இல்லை. அரண்மனையின் உயர்பதவி ஒன்றை வைத்துக்கொண்டு ஆண்டார்.

இயேயாசு இரண்டே ஆண்டுகளில் விலகியது ஏன்?

ஹிதெயோஷி 1598இல் இறந்தபோது அவருடைய மகன் ஹிதெயோரி ஐந்து வயதுக் குழந்தை. அந்த இடைவெளியில் கிழக்கு ஜப்பானின் பெருந்தலைவரான டோக்குகாவா இயேயாசு, 1600ஆம் ஆண்டு அக்டோபரில் செக்கிகஹாரா என்ற இடத்தில் நடந்த போரில் எதிரணியை முறியடித்தார். 1603இல் பேரரசர் அவரை ஷோகுனாக நியமித்தார். 1605இல் அவர் பதவியைத் தம் மகன் ஹிதெதாதாவிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்.

இயேயாசுவின் வாழ்க்கையில் போர்க்களங்கள் பல இருந்தாலும், அந்த மரபைப் புரிந்துகொள்ள இந்த விலகலே முக்கியமானது என்று கருதுகிறேன். ஹிதெயோரி அப்போது ஒசாக்கா கோட்டையில் வளர்ந்துகொண்டிருந்தார். அவர் பெரியவனானதும் இயேயாசு அதிகாரத்தை அவரிடம் ஒப்படைப்பார் என்று நம்பிய தலைவர்கள் பலர் இருந்தனர். தாம் உயிரோடும் வலுவோடும் இருக்கும்போதே மகனை அமர்த்தியதன் மூலம், இந்தப் பதவி இனி டோக்குகாவா வீட்டின் சொத்து என்பதை இயேயாசு வாய்திறந்து சொல்லாமலேயே அனைவருக்கும் அறிவித்துவிட்டார். பிறகு சுன்பு நகரில் இருந்துகொண்டு, ஓய்வுபெற்ற ஷோகுன் என்ற தகுதியில் முக்கிய முடிவுகளை அவரே எடுத்தார். ஒசாக்கா கோட்டை 1615இல் வீழ்ந்து ஹிதெயோரி மாண்டபோது முதியவரான இயேயாசு களத்தில் இருந்தார்; அடுத்த ஆண்டு இறந்தார். இறந்தபின் தெய்வமாக அறிவிக்கப்பட்டு நிக்கோ என்ற ஊரில் கோயில் கொண்டார். பின்வந்த ஷோகுன்களுக்கு முன்னோர் வழிபாடே அரச சடங்காக அமைந்ததில், அதை வகுத்தவர்களின் கணக்கு நன்றாகவே தெரிகிறது.

ஆகவே தொடக்கத்திலேயே ஒரு விசித்திரம்: 1605 முதல் 1616 வரை ஷோகுன் என்ற பெயர் ஹிதெதாதாவுக்கு, நாட்டை ஆண்டவர் இயேயாசு. இயேயாசு இறந்தபிறகே ஹிதெதாதா தம் விருப்பப்படி ஆளத் தொடங்கினார். 1623இல் அவரும் தந்தையைப் போலவே பதவியை மகன் இயேமிட்சுவிடம் கொடுத்துவிட்டு, 1632இல் இறக்கும்வரை பின்னாலிருந்து நடத்தினார்.

அரிசியில் அளக்கப்பட்ட அதிகாரம்

இனி உண்மையான இயங்குமுறைக்கு வருவோம். ஜப்பான் அப்போது ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்த நாடு அன்று. அது சுமார் 260 ஆட்சிப்பகுதிகளாகப் பிரிந்திருந்தது. அவை ஒவ்வொன்றையும் பரம்பரை உரிமையோடு ஆண்ட தலைவருக்கு டைம்யோ என்று பெயர். டைம்யோவுக்குத் தனிக் கோட்டை, தனிப் படை, தனி வரி, தனிச் சட்டம் எல்லாம் உண்டு.

ஒரு நிலப்பகுதியின் மதிப்பு கோக்கு என்ற அளவால் குறிக்கப்பட்டது. ஒரு கோக்கு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி. ஓர் ஆள் ஓர் ஆண்டு உண்ணப் போதுமானது என்று கருதப்பட்ட அளவு. 10,000 கோக்கு விளைவுள்ள நிலம் இருந்தால்தான் ஒருவர் டைம்யோ ஆக முடியும். கனசாவாவில் இருந்த மயேதா குடும்பம் பத்து லட்சம் கோக்குக்கு மேல் வைத்திருந்த மிகப் பெரிய டைம்யோ. ஷோகுனின் நேரடி நிலங்களையும் அவருடைய நேரடி ஊழியர்களின் நிலங்களையும் சேர்த்தால் நாட்டின் மொத்த விளைவில் சுமார் நான்கில் ஒரு பங்கு வரும். அதோடு பெரிய நகரங்கள், நாகசாக்கி துறைமுகம், தங்க வெள்ளிச் சுரங்கங்கள், நாணயம் அடிக்கும் உரிமை ஆகியவையும் அவர் கையில் இருந்தன.

நாட்டில் முக்கால் பங்கு நிலத்தின் மீது ஷோகுனுக்கு நேரடி வரி உரிமை கிடையாது என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. டைம்யோக்கள் அவருக்கு ஆண்டுதோறும் வரி செலுத்தியவர்கள் அல்லர். கோட்டை கட்டு, ஆற்றங்கரையை உயர்த்து என்று அவர் ஆணையிட்டால் செலவழித்துச் செய்து தருவார்கள், அவ்வளவுதான். இதன் விளைவு 18ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. பணமுடையில் சிக்கிய எட்டாவது ஷோகுன் யோஷிமுனே, ஒவ்வொரு 10,000 கோக்குக்கும் 100 கோக்கு அரிசி தரும்படி 1722இல் டைம்யோக்களைக் கேட்டுக்கொண்டார். கொடுப்பவர்கள் எடோவில் தங்கவேண்டிய காலம் பாதியாகக் குறைக்கப்படும் என்ற சலுகையையும் சேர்த்தே அறிவிக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கு ஒன்று என்ற சிறு பங்கைக்கூடப் பேரம் பேசித்தான் பெறமுடிந்தது. அந்த ஏற்பாடும் 1730இல் கைவிடப்பட்டது.

துப்பாக்கி உள்ளே, பெண்கள் வெளியே

எடோவில் தங்கவேண்டிய காலம் என்றேன். அதை விளக்கியாக வேண்டும். மூன்றாவது ஷோகுன் இயேமிட்சு 1635இல் சட்டமாக்கிய ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு டைம்யோவும் ஓராண்டு தம் ஊரிலும் மறு ஆண்டு எடோவிலுமாக மாறி மாறி வாழவேண்டும். அவருடைய மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே இருக்கவேண்டும். டைம்யோ ஊரில் இருக்கும் ஆண்டில் குடும்பம் ஷோகுனின் பிடியில் பிணையாக இருக்கும். கலகம் செய்யத் துணிபவர் முதலில் தம் பிள்ளையை இழக்கத் துணியவேண்டும்.

இது எவ்வளவு கவனமாக நடத்தப்பட்டது என்பதை எடோவுக்கும் கியோட்டோவுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், ஹக்கோனே மலைப்பகுதியில் இருந்த சோதனைச்சாவடி காட்டும். எடோவுக்குள் போகும் துப்பாக்கியையும், எடோவிலிருந்து வெளியேறும் பெண்ணையும் கண்காணிப்பதே இத்தகைய சாவடிகளின் வேலை என்று மக்கள் வழக்குமொழியாகவே சொன்னார்கள். வெளியேறும் பெண்ணிடம் அனுமதிச்சீட்டு இருக்கவேண்டும். அதில் அவருடைய உருவ அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். சாவடியில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட பெண்கள், பயணியின் கூந்தலைப் பிரித்துப் பார்த்து அடையாளங்களைச் சரிபார்த்தார்கள். பிணையாக வைத்த மனைவி மாறுவேடத்தில் ஊருக்குப் போய்விட்டால், கலகத்துக்கான கதவு திறந்துவிடும் அல்லவா?

பயணச் செலவு மற்றொரு கட்டு. மயேதா குடும்பத்தின் ஊர்வலத்தில் சில சமயம் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கனசாவாவிலிருந்து எடோவரை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் அத்தனை பேரும் நடந்து, வழியில் தங்கி, உண்டு வரவேண்டும். எடோவில் ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகளையும் பராமரிக்கவேண்டும். டைம்யோக்களை ஏழையாக்கவே இந்தச் சட்டம் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஊர்வலத்தில் ஆள்கள் மிகுந்துவிடக்கூடாது என்று அந்தச் சட்டமே எச்சரிப்பதால், செலவைப் பக்கவிளைவு என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. முதன்மை நோக்கம் கீழ்ப்படிதலைக் கண்ணால் காணச் செய்வது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: ஷோகுன் பேரரசர் அல்லர், நாடு முழுவதற்கும் வரி விதிப்பவரும் அல்லர். மற்ற எவரையும்விடப் பெரிய நிலக்கிழார் என்ற வலிமையையும், பேரரசர் தந்த நியமனத்தையும், டைம்யோ குடும்பங்களின் பிணையையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தவர்.

பேரரசரை எப்படி வைத்திருந்தார்கள்?

மிகுந்த மரியாதையுடனும் அதைவிட மிகுந்த கண்காணிப்புடனும் வைத்திருந்தார்கள். 1615இல் பாகுஃபு வெளியிட்ட விதிகளின் முதல் பிரிவு, பேரரசரின் கடமைகளுள் முதன்மையானது கல்வி என்று கூறியது. படித்துக்கொண்டிருங்கள், நாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது உட்பொருள். அரண்மனைக்கு இயேயாசு ஒதுக்கிய நிலம் 10,000 கோக்கு. அது பின்னர் 30,000 வரை உயர்ந்தது. கியோட்டோவில் ஷோகுனின் ஆளுநர் ஒருவர் நிரந்தரமாக இருந்தார்.

1620இல் ஹிதெதாதா தம் மகள் மசாக்கோவைப் பேரரசர் கோ-மிசுநோவுக்கு மணம் செய்துவைத்தார். சில ஆண்டுகளில், உயர்நிலைத் துறவிகளுக்கு ஊதா அங்கி வழங்கும் பேரரசரின் பழைய உரிமையில் பாகுஃபு குறுக்கிட்டு, தன்னைக் கேட்காமல் வழங்கப்பட்ட அங்கிகள் செல்லாது என்றது. மனம் கசந்த பேரரசர் 1629இல் திடீரென்று முடிதுறந்தார். அடுத்து அரியணை ஏறியவர் மசாக்கோவின் மகள், இயேயாசுவின் கொள்ளுப்பேத்தி. அப்போது அவர் சிறுமி. ஷோகுன் வீட்டார் பேரரசராக முயலவில்லை. முயலவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

1634இல் இயேமிட்சு கியோட்டோவுக்குச் சென்று வந்தபின், 229 ஆண்டுகள் எந்த ஷோகுனும் அங்கே போகவில்லை. நான்காவது ஷோகுனிலிருந்து, நியமன ஓலையைப் பேரரசரின் தூதர்கள் எடோவுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இந்தத் தோற்றமே வெளிநாட்டாரைக் குழப்பியது. 1690இல் வந்த கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஜப்பானில் சமயப் பேரரசர் ஒருவரும் உலகியல் பேரரசர் ஒருவருமாக இருவர் இருக்கிறார்கள் என்று எழுதினார். நம்மிடையே இன்றும் உலவும் 'ஷோகுன் என்றால் பேரரசர்' என்ற எண்ணத்துக்கு அத்தகைய பழைய குறிப்புகளும் ஒரு காரணம்.

திரைக்குப் பின்னால் இருந்தவர்

ரோஜு எனப்பட்ட மூத்த ஆலோசகர்கள் பெரும்பாலும் நான்கைந்து பேர். செக்கிகஹாரா போருக்கு முன்பே டோக்குகாவா வீட்டைச் சார்ந்திருந்த டைம்யோ குடும்பங்களிலிருந்து மட்டுமே இவர்கள் வந்தார்கள். போருக்குப் பிறகு பணிந்த பெரிய டைம்யோக்களுக்கு இந்தக் கதவு மூடியே இருந்தது. மாதம் ஒருவர் முறைவைத்து அன்றாட அலுவலைக் கவனித்தார்கள். பெரிய விஷயங்களைக் கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் சோதனை 1651இல் வந்தது. இயேமிட்சு இறந்தபோது நான்காவது ஷோகுனான இயேட்சுனாவுக்குப் பத்து வயது. சித்தப்பா ஹோஷினா மசாயுக்கியும் மூத்த ஆலோசகர்களும் சேர்ந்து நாட்டை நடத்தினார்கள். 1657இல் எடோவின் பெரும்பகுதியை எரித்த தீவிபத்தில் கோட்டையின் நடுக்கோபுரமும் எரிந்தது. நகரத்தைச் சீரமைப்பதே முதல் வேலை, கோபுரம் அவசியமில்லை என்றார் மசாயுக்கி. அது மீண்டும் கட்டப்படவே இல்லை. அதற்குப் பிந்தைய காலத்தைக் காட்டும் படங்களில் எடோ கோட்டைக்கு மேலே வானளாவும் கோபுரம் நின்றால், அது ஓவியரின் கற்பனை.

ஐந்தாவது ஷோகுன் சுனயோஷி வேறு ரகம். தாமே ஆளவேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர். 1684இல் அவருடைய தலைமை ஆலோசகர் ஹோட்டா மசாத்தோஷியை, இன்னோர் ஆலோசகர் கோட்டைக்குள்ளேயே குத்திக் கொன்றார். அதன்பின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆலோசகர்கள் கூடும் அறை ஷோகுனின் இருப்பிடத்திலிருந்து தள்ளி அமைக்கப்பட்டது. இடையில் செய்தி கொண்டுசெல்லும் அணுக்கச் செயலர் தேவைப்பட்டார். ஷோகுனின் சொல்லை ஆலோசகர்களுக்கும், அவர்கள் சொல்லை ஷோகுனுக்கும் கொண்டுபோகிறவர் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்யத் தொடங்கினால் அவர் கை ஓங்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சுனயோஷியிடம் அப்படி உயர்ந்தவர் யனகிசவா யோஷியாசு.

1691இல் டச்சு வணிகர்களுடன் எடோ கோட்டைக்குச் சென்ற கெம்ப்ஃபர் அங்கே கண்டதை விரிவாக எழுதியிருக்கிறார். ஷோகுன் மூங்கில் தட்டிக்குப் பின்னால், பெண்கள் சூழ அமர்ந்திருந்தார்; முகம் தெரியவில்லை. மேலங்கியைக் கழற்றுங்கள், எழுந்து நடங்கள், ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லுங்கள், ஆடுங்கள், குடிகாரனைப் போல் நடித்துக்காட்டுங்கள் என்று கட்டளைகள் வந்துகொண்டே இருந்தன. கெம்ப்ஃபர் ஒரு ஜெர்மானியக் காதல் பாட்டைப் பாடினார். நாய்களுக்காகச் சட்டம் போட்ட 'நாய் ஷோகுன்' என்று மட்டுமே சுனயோஷியை நினைவுகூர்வது வழக்கம். பிராணிகளுடன் கைவிடப்பட்ட குழந்தைகளையும் அந்தச் சட்டங்கள் காத்தன என்பது அந்தக் கேலியில் மறைந்துவிடுகிறது.

மறுமுனையில் ஒன்பதாவது ஷோகுன் இயேஷிகே. அவருடைய பேச்சு தெளிவில்லாதது. அதைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர் ஓக்கா தடமிட்சு என்ற அணுக்கச் செயலர் ஒருவரே என்கிறார்கள். ஷோகுனின் ஆணை என்று வெளிவந்தது ஓக்கா சொன்னதுதான். வேறு யாராலும் சரிபார்க்க முடியாது. அப்படிப்பட்ட நிலையிலும் 1745 முதல் 1760 வரை பதினைந்து ஆண்டுகள் ஆட்சி குலையாமல் நடந்தது. ஆலோசகர் குழு, முறைவைப்பு, ஏடுகள், முன்னுதாரணங்கள் ஆகியவை ஓர் ஆளின் திறமையைச் சாராமல் ஓடும்படி அமைந்துவிட்டிருந்ததே அதற்குக் காரணம்.

வாரிசு அற்றுப்போனால்?

ஏழாவது ஷோகுன் இயேட்சுகு 1713இல் பதவியேற்றபோது அவருக்கு மூன்று வயது. 1716இல் ஆறு வயதில் இறந்தார். நேர்வழி அத்துடன் முடிந்தது. வேறு மரபாக இருந்தால் உள்நாட்டுப் போர் வெடித்திருக்கும். இயேயாசு இதை முன்னரே எண்ணி, தம் இளைய மகன்கள் மூவரை ஓவாரி, கீ, மிட்டோ ஆகிய பகுதிகளில் கிளைக் குடும்பங்களாக அமர்த்தியிருந்தார். கீ கிளையிலிருந்து வந்தவரே யோஷிமுனே.

பதினைந்து பேரில் எனக்கு மிகவும் ஈர்ப்புடையவர் இவர். விளைச்சலைப் பெருக்குவதிலும் அரிசி விலையைச் சீராக்குவதிலும் காட்டிய அக்கறையால் 'அரிசி ஷோகுன்' என்று பெயர் பெற்றவர். கிறித்தவ சமயம் தவிர்ந்த மேலைநாட்டு அறிவு நூல்கள் நாட்டுக்குள் வருவதற்கிருந்த தடையைத் தளர்த்தினார். 1721இல் எடோவில் குறைகேட்புப் பெட்டி ஒன்றை வைத்தார். பூட்டிய பெட்டி அப்படியே அவரிடம் வரும், திறப்பவர் அவரே. ஒகாவா ஷோசென் என்ற மருத்துவர், ஏழைகளுக்கு மருத்துவமனை வேண்டும் என்று ஒரு மனுவைப் போட்டார். அடுத்த ஆண்டே கொய்ஷிக்காவாவில் மருத்துவமனை திறக்கப்பட்டது. அணுக்கச் செயலர்களைத் தாண்டி ஊர்க்குரலைக் கேட்பதற்கு ஒரு ஷோகுன் கண்டுபிடித்த வழி அது.

அவர் தம் பங்குக்கு மகன்களைக் கொண்டு புதிய கிளைகளைத் தோற்றுவித்தார். அவற்றுள் ஹிட்டோத்சுபாஷி கிளையிலிருந்து வந்த பதினொன்றாவது ஷோகுன் இயேநாரி, 1787 முதல் 1837 வரை ஐம்பது ஆண்டுகள் பதவி வகித்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றார். வாரிசுப் பஞ்சம் தீர்ந்தது, ஆனால் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கும் செலவு தொடங்கியது. அவர் மகளை மணந்த மயேதா குடும்பம் மணமகளை வரவேற்க 1827இல் எழுப்பிய சிவப்பு வாயில், இன்று டோக்கியோ பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

மறுபடி ஒரு தொகுப்பு: கிளைக் குடும்பங்கள் வாரிசை வழங்கின; ஆலோசகர்கள் அலுவலை நடத்தினர்; அணுக்கச் செயலர்கள் இடைவெளியை நிரப்பினர். ஷோகுன் வலியவராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

கட்டு அவிழ்ந்த விதம்

1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி நான்கு கப்பல்களுடன் வந்து, ஜப்பான் பேரரசருக்கு என்று முகவரியிட்ட கடிதத்தைக் கொடுத்தார். அதைப் பெற்றுக்கொண்டவர்கள் பேரரசரின் ஆட்கள் அல்லர், ஷோகுனின் அதிகாரிகள். அதே மாதத்தில் பன்னிரண்டாவது ஷோகுன் இயேயோஷி இறந்தார். அடுத்து வந்த இயேசாதா நோயாளி. தலைமை ஆலோசகர் அபே மசாஹிரோ, என்ன செய்யலாம் என்று எல்லா டைம்யோக்களிடமும் கருத்துக் கேட்டார். இருநூறு ஆண்டுகளாக ஆணை மட்டுமே போய்க்கொண்டிருந்த வழியில் முதன்முறையாகக் கேள்வி போனது. கேட்கப்பட்டவர்கள் இனி எப்போதும் கேட்கப்படவேண்டும் என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

1858இல் வணிக உடன்படிக்கைக்குப் பேரரசரின் ஒப்புதலை நாடி ஓர் ஆலோசகர் கியோட்டோவுக்குப் போனார். சடங்காக முடியும் என்று நினைத்த இடத்தில் பேரரசர் கோமெய் மறுத்துவிட்டார். ஒப்புதல் இல்லாமலேயே கையெழுத்திட்ட தலைமை ஆலோசகர் ஈ நவோசுக்கே, பன்னிரண்டு வயது இயேமோச்சியைப் பதினான்காவது ஷோகுனாக அமர்த்தினார். 1860இல் எடோ கோட்டையின் சக்குராதா வாயிலுக்கு வெளியே கொல்லப்பட்டார். கொன்றவர்களில் பெரும்பாலோர் டோக்குகாவாவின் சொந்தக் கிளையான மிட்டோவைச் சேர்ந்தவர்கள். 1862இல் டைம்யோக்கள் எடோவில் தங்கும் கட்டாயம் பெரிதும் தளர்த்தப்பட்டு, மனைவி மக்கள் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. பிணை போய்விட்டது. மறு ஆண்டு இயேமோச்சி கியோட்டோவுக்குச் சென்று பேரரசரைப் பணிந்தபோது, யார் பெரியவர் என்பதை நாடே பார்த்துவிட்டது. அவர் 1866இல் இருபது வயதில் இறந்தார்.

கடைசி ஷோகுன் யோஷிநோபு திறமையும் துணிவும் உடையவர் என்பது முரண்நகை. மிட்டோ குடும்பத்தில் பிறந்து ஹிட்டோத்சுபாஷி கிளைக்குத் தத்துப்போனவர். ஷோகுனாக இருந்த காலம் முழுவதையும் கியோட்டோ, ஒசாக்கா பகுதியிலேயே கழித்து, எடோ கோட்டையில் ஷோகுனாக ஒருநாளும் வாழாதவர். சத்சுமா, சோஷு ஆகிய பெரிய டைம்யோ பகுதிகள் படைதிரட்டும் முன்னர் முந்திக்கொள்ள எண்ணி, 1867 நவம்பரில் ஆட்சிப் பொறுப்பைப் பேரரசரிடமே திருப்பிக் கொடுத்தார். பட்டம் போனாலும் நிலமும் படையும் தம்மிடம் இருக்கும், புதிய அவையில் தாமே தலைமை ஏற்கலாம் என்பது அவர் கணக்கு. பதவி வேறு, அதிகாரம் வேறு என்பதை அவருடைய முன்னோர்கள் காட்டியிருந்தார்கள் அல்லவா? ஆனால் எதிரணியினர் 1868 ஜனவரியில் அரண்மனையைக் கைப்பற்றி, நிலத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். கியோட்டோவுக்கு அருகில் நடந்த தோபா-ஃபுஷிமி போரில் அவர் படை தோற்றது. பேரரசரின் கொடி எதிர்ப்பக்கத்தில் பறந்ததைக் கண்டபின் போரைத் தொடர அவர் விரும்பவில்லை. ஒசாக்காவிலிருந்து கப்பலேறி எடோவுக்குத் திரும்பிப் பணிந்தார். அதே ஆண்டில் எடோ கோட்டை போரின்றிக் கைமாறியது.

யோஷிநோபு அதன்பின் ஷிசுவோக்காவில் புகைப்படம் எடுப்பது, வேட்டையாடுவது என்று நெடுநாள் வாழ்ந்து 1913இல் இறந்தார். குடும்பத் தலைமை இயேசாத்தோ என்ற சிறுவனுக்கு மாற்றப்பட்டது. அந்தச் சிறுவன் வளர்ந்து 1903 முதல் 1933 வரை முப்பது ஆண்டுகள், பேரரசரின் புதிய நாடாளுமன்றத்தில் பிரபுக்கள் அவையின் தலைவராக இருந்தார்.